கச்சான் மாவும் தாராக்குஞ்சுகளும்

மார்கழி 2, செவ்வாய்

விடிய முதல் மழை. குசினி ஓடு ஒழுகல். கரடியனாற்றிலிருந்து கொண்டுவந்த கச்சான் மூட்டை அடிப்பக்கம் நனைந்து கிடக்கிறது. எப்போதிருந்து என்று தெரியாது. பவளம் பிரித்துப் பார்த்து மூக்கைப் பொத்தினாள்.

"பச்சையாப் பூத்திரிக்கி. கொண்டுபோய்க் கொட்டுங்க."

கொட்டுவதா? ஊர்க் கச்சான், மருந்தடிக்காத நிலக்கடலை. பூஞ்சணம் பிடித்ததைப் பொறுக்கித் தள்ளிவிட்டு மிச்சத்தை வறுத்தால் சரி. டிப்போவில் டைம் கீப்பராக இருந்து அத்தனை பஸ்ஸையும் கட்டி மேய்த்தவன் நான். பெண்சாதிக்கு என் மேல் நம்பிக்கை இல்லை.

ஓடு மாற்ற ஆள் பார்க்க வேண்டும்.

மார்கழி 3, புதன்

தூறல். பகல் முழுக்க வறுத்தல். சட்டிக்குப் போனவை:

கச்சான் – உடம்புப் பலத்துக்கு. இதுதான் கூட.
எள்ளு – எலும்புக்கு.
பூசணி விதை – நித்திரைக்கு.
ஆளி விதை – இதயத்துக்கு, வயிறு இளகவும்.
கஜு – ருசிக்கு. (பாதியைப் பவளம் தின்றுவிட்டாள்.)
பாதாம் இல்லை. விலை கேட்டதோடு சரி.

நெஞ்சு டொக்டர் "கொட்டை வகை கொஞ்சம் சேருங்க ஐயா" என்றார். யூடியூப்காரர் தினம் ஒரு பிடி என்கிறார். நான் இரண்டு பிடி.

மில்லில் அரைத்து இரண்டு போத்தல். ஒன்று எனக்கு. மற்றது செட்டிபாளையத்தில் மகள் சுதாவின் மகனுக்கு. எட்டு மாதம், நிறை காணாது என்று கிளினிக்கில் சொன்னார்களாம். என் பேரனுக்கு நிறை காணாதா? பார்க்கலாம்.

பவளம் நாக்கில் தொட்டுப் பார்த்தாள். "கசக்கிது."

ஆளி விதைக் கசப்பு என்றேன். கஞ்சி காய்ச்சும்போது சீனி கூடப் போடச் சொல்ல வேண்டும்.

பொறுக்கித் தள்ளிய கச்சானையும் வீணாக்கவில்லை. இடித்துத் தவிட்டோடு குழைத்து, வீட்டுக்குப் பின்னால் வாவியில் நீந்தித் திரியும் பவளத்தின் நாலு தாராக்குஞ்சுகளுக்கும் வைத்தேன். விழுந்தடித்துத் தின்றன.

மார்கழி 4, வியாழன்

செட்டிபாளையம் போய் வந்தேன். மருமகன் கடலுக்குப் போகவில்லை, காற்று. கஞ்சி முதல் கரண்டியில் பையன் முகத்தைக் கோணினான், துப்பினான். சீனி போட்டதும் குடித்தான். சுதாவுக்குச் சந்தோஷம். எனக்கும்தான்.

குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன்.

மார்கழி 8, திங்கள்

மழை விட்டபாடில்லை. சுதா ஃபோன். ரெண்டு நேரமும் கஞ்சிதானாம். "இப்ப நல்லா நித்திரை கொள்றான் அப்பா. முந்தி ஒரே சிணுங்கல்."

பூசணி விதை! பவளத்திடம் சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

எனக்குப் பசி இல்லை. வலப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு பாரம். கழிவு வெளியேறும்போது அப்படித்தான் இருக்குமாம், வீடியோவில் சொன்னார்.

ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது. வாவியிலிருந்து ஏறும் பெரிய உடும்பு, கபரக்கொய்யா, அதன் வேலை என்றேன்.

"கபரக்கொய்யா எண்டா விழுங்கியிரிக்குமே. இதில ஒரு காயமும் இல்லையே."



மார்கழி 10, புதன்

மழை இல்லை, வெயிலும் இல்லை. வாவித் தண்ணீர் வேலி வரைக்கும் ஏறி அசையாமல் நிற்கிறது. கலங்கல். ஒரு நாற்றம்.

இன்னும் இரண்டு குஞ்சு போயிற்று. தீனி எடுப்பதில்லை. செட்டையைத் தொங்கவிட்டு நிற்கும், பிறகு தூங்கும். மதியம் ஒன்று படியடியில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தது. தூங்குகிறதாக்கும் என்று விரலால் தொட்டேன். அப்படியே சரிந்தது.

வாவித் தண்ணீர்தான் காரணம் என்றேன். பவளம் என் மாப் போத்தலை எடுத்து ஒளித்துவிட்டாள்.

"குஞ்சு திண்டதும் நீங்க திண்டதும் ஒரே மூட்டைதானே?"

விசர்க் கதை. தேடி எடுத்து, கரைத்து, அவள் முன்னாலேயே குடித்தேன். அரைவாசிதான் இறங்கியது.

இரவு சுதா: "அப்பா, பிள்ளைக்கு மூத்திரம் கடும் மஞ்சளாப் போகுது. சூடா இரிக்குமோ?" கொதித்தாறின தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். கஞ்சியை விடாதே என்றும் சொன்னேன்.

பவளம் கேட்டுக்கொண்டு நின்றாள். சொல்லியிருக்கலாம்.

மார்கழி 11, வியாழன்

ஆஸ்பத்திரி வாசல், மகோகனி மரத்தடி. மீண்டும் தூறல். காத்திருக்கும் நேரத்துக்கு எழுதுகிறேன்.

காலையில் கடைசிக் குஞ்சும் போயிற்று. பவளம் அதைக் கடதாசியில் சுற்றி, வயர்க்கூடையில் போட்டு, மிருக வைத்தியரிடம் புறப்பட்டாள். நானும் பின்னால் போனேன். சின்ன வயதுப் பிள்ளை அந்த டொக்டர். அறுத்துப் பார்த்தாள்.

"ஈரல் பழுதாகியிரிக்கு. என்ன தீனி வச்சீங்க?"

கச்சான் என்றேன். பூஞ்சணம் பிடித்ததா என்று கேட்டாள். மிச்சத்தை நன்றாக வறுத்தோம் என்றேன்.

"வறுத்தா பூஞ்சண நஞ்சு போகாது ஐயா. நல்லாத் தெரியிற கொட்டையிலயும் இரிக்கும். மனுசர் ஆரும் திண்டீங்களா?"

என்னைச் சொன்னேன். பவளம்தான் பேரனைச் சொன்னாள். அந்த டொக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, "இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வரச் சொல்லுங்க" என்றாள்.

ஃபோனில் சுதா, "இப்பதானே அப்பா கஞ்சி குடுத்தன். போத்தல் முடிஞ்சுது. இன்னொண்டு அனுப்புறீங்களா?"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறு என்றேன். ஏன் என்று கேட்டாள். ஏறு என்றேன்.

பவளம் பக்கத்தில் இருக்கிறாள். திட்டினால் நல்லது. எனக்குப் பயமாக இருக்கிறது. என்னை எடுத்துக்கொண்டு அவனை விட்டால் போதும்.

ஆட்டோ வந்துவிட்டது. சுதா இறங்கினாள், பிள்ளை தோளில், துவாயால் மூடி. ஓடிப்போய்த் துவாயை விலக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"மெதுவா அப்பா. வழி நெடுக நல்ல நித்திரை."