நூல் கட்டி நிமிர்த்திய பூ

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, என் முழங்காலைத் தவிர. மனசுதான் நன்றாக இல்லை, அதற்குக் காரணம் நீ. மாப்பிள்ளை சௌக்கியமா? பேத்திக்கு இருமல் நின்றதா? ஈரத்தலையோடு அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பாதே என்று போன மாதமே எழுதினேன், நீ கேட்டிருக்க மாட்டாய். உன் தம்பியை லாரி ஆபீசில் வேறு கிளைக்கு மாற்றப் போகிறார்களாம், அவன் பெண்டாட்டி என் முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள், நானா மாற்றினேன்?

நீ அனுப்பிய படப் புத்தகம் செவ்வாய்க்கிழமை வந்தது. உங்கள் மியூசியக் கண்காட்சியில் அடுத்த மாதம் மாட்டப்போகிற பழைய செடிகொடிப் படங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த ராட்சச மரத்தின் படத்தைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அதே மரம், அடியில் காட்டுப் பூக்கள், பின்னால் மலை. படத்துக்குப் பக்கத்தில் மாட்ட நீ எழுதி, புத்தகத்தோடு அனுப்பின குறிப்பை உன் தம்பி வாசித்தான். ஓவியர் தன்னந்தனியாக மலையேறி, மரத்தடியில் தங்கி, நேரில் கண்டு வரைந்தாராம். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. வீடு எவ்வளவு அமைதியா இருக்கு, அக்காவை வாரம் ஒரு புத்தகம் அனுப்பச் சொல்லலாமா என்கிறான் உன் தம்பி.

அந்த ஆளா மலையேறினார்? எனக்கு அப்போது ஒன்பது வயது. மலையடிவாரத்து விடுதி வராந்தாவில் அவர், வீங்கின காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு பதினெட்டு நாள் உட்கார்ந்திருந்தார். ஏறினது உன் பாட்டி, என்னைப் பெற்றவள். விடியும்போதே கிளம்பி, அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் உப்பைத் தேய்த்துக்கொண்டு ஏறி, பூவையும் கிளையையும் ஈரச் சாக்கில் சுற்றி வாடாமல் கொண்டு வருவாள். பின்னால் கூடையைத் தூக்கிக்கொண்டு நான். மரம் எவ்வளவு பருமன் என்று அவர் கேட்டதற்கு, அதைச் சுற்றிக் கயிறு கட்டி அளந்து, அந்தக் கயிற்றைக் கொண்டு வந்து தரையில் வட்டமாகப் போட்டுக் காட்டினாள். வராந்தா போதாமல் முற்றத்தில் போட்டோம். அவருடைய நாய்க்கு பிஸ்கட் கிடைத்தது, எங்களுக்கு ஓரமாக நில்லு என்கிற உத்தரவு கிடைத்தது. அந்த நாய் எப்போதோ செத்திருக்கும், நான் இன்னும் அதை மன்னிக்கவில்லை.

இதைப் போனில் சொன்னபோது நீ பேசியது ஒரு எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது. அம்மா, நீ சொல்றது நெஜமாவே இருக்கலாம், ஆனா ஆதாரம் வேணும்மா, அவர் கைப்பட எழுதின டைரி இருக்கு, உன்கிட்ட என்ன இருக்கு என்றாய். உன் பாட்டிக்குக் கைநாட்டுதான் தெரியும், அவள் டைரிக்கு நான் எங்கே போவேன்? தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டால் அது ஆதாரம், உன்னைப் பெற்றவள் கண்ணால் பார்த்ததைச் சொன்னால் அது கதையா?

சரி, டைரியை விடு, படத்தைப் பார். இடது ஓரத்தில் ஒரு வெள்ளைப் பூ இருக்கிறது, ஐந்து இதழ், உள்ளே ஊதாக் கோடு. படத்தில் அது அண்ணாந்து பார்க்கிறது. காட்டில் அந்தப் பூ ஒருநாளும் நிமிராது, தலையைத் தொங்கப் போட்டுத்தான் பூக்கும். கண்ணாடி டம்ளரில் வைத்தபோதும் தொங்கத்தான் செய்தது. இவர் ஒரு குச்சியை நட்டு, காம்பை நூலால் கட்டி நிமிர்த்தினார். ஐயா, அது குனிஞ்சுதான் இருக்கும் என்று உன் பாட்டி சொன்னாள். குனிஞ்சா மூஞ்சி எப்படித் தெரியும், நீ சும்மா நில்லு என்றார். பூதக்கண்ணாடி வைத்துப் பார், பூவுக்கு ஒரு விரற்கடை கீழே, நூல் இறுக்கின இடத்தில் காம்பு நசுங்கியிருக்கும். நூலை வரையாமல் விட்டுவிட்டார், தழும்பை விடவில்லை. கண்ணில் பட்டதை விட்டுவிட மனசு வராத கை அது, அந்தக் கையை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பொய் சொன்னது டைரி எழுதின பேனா. புத்தகத்திலேயே எனக்குத் தெரிகிறது, படத்தையே பக்கத்தில் வைத்திருக்கும் உனக்குத் தெரியவில்லை என்றால் உன்னைப் படிக்க வைத்தது தண்டம். உங்களோடு வேலை பார்ப்பவர்களில் செடிப் படிப்புப் படித்தவர் ஒருவர் இருப்பாரே, அந்தப் பூ எந்தப் பக்கம் பார்க்கும் என்று அவரைக் கேள்.

பாட்டியைப் பற்றிச் சேர்த்து எழுது என்று நான் கேட்கவில்லை. மேலதிகாரி உன்மேல் பாய்வார் என்றாய், உன் வேலைக்கு உலை வைக்க நான் வரவில்லை. சேர்க்க முடியாவிட்டால் எடுக்கவாவது எடு. தன்னந்தனியாக மலையேறி, நேரில் கண்டு என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் அடித்துவிடு. அது போதும் எனக்கு.

திறப்பு விழாவுக்கு வரச் சொல்லியிருக்கிறாய். குறிப்பு அப்படியே இருந்தால் கிழவி கோபித்துக்கொண்டு வராமல் இருந்துவிடுவாள் என்று நினைக்காதே. கட்டாயம் வருவேன். படத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்வேன். என் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்று உனக்குத் தெரியும்.

பேத்திக்கு என் முத்தம். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் விட்டுக் கொடுக்காமல் நூறு வயசு இருங்கள். மாட்டப்போகிற குறிப்புகள் இருபதாம் தேதி அச்சுக்குப் போவதாகத் தம்பி சொன்னான், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத உன் அம்மா