நனைத்துக் கட்டிய துணி

மந்தாரக்குப்பம்,
23.2.2016

அன்புத் தங்கச்சி தமிழ்நிலாவுக்கு,

தனம் அக்கா எழுதுகிறேன். நார்வேயில் பனி முழங்கால் வரை கொட்டுகிறதாமே, உன் அம்மா சொன்னார். காதை மூடிக்கொண்டு வெளியே போ. போனில் சொல்லத்தான் பார்த்தேன். நீ "அக்கா" என்றதுமே போனை வைத்துவிட்டேன். இதை உன் அம்மாவிடம் கொடுக்கிறேன், போட்டோ எடுத்து அனுப்புவார்.

என் மகள் வெண்மதி போய் நாற்பது நாள் ஆகிறது. பொங்கலுக்கு முந்தின நாள் மூச்சிழுப்பு வந்தது. ஆஸ்பத்திரி போகும் வழியில், ஆட்டோவில், என் மடியிலேயே அடங்கிவிட்டாள். பாவி நான், தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

நம் பக்கத்து நுண்தூசி கடல் தாண்டி யாழ்ப்பாணம் வரை போகிறதா என்று பார்க்க, அங்கே ஒன்றும் எங்கள் மாடியில் ஒன்றுமாக மிஷின் வைத்தாயே, "பத்திரமா பாத்துக்குங்கக்கா" என்றாயே. பார்த்துக்கொண்டேன். தண்ணீர் டிரம்மைக்கூட இந்த ஊரில் திறந்து வைக்க மாட்டோம், சுரங்கத்துக் கரி வந்து உட்கார்ந்துவிடும். அதே மாதிரி, மிஷின் காற்றை இழுக்கும் மூக்கிலும் பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து, நனைத்துக் கட்டினேன். ஞாயிறுதோறும் நீ வருமுன் அவிழ்த்துத் துடைத்து வைப்பேன். உள்ளேயிருந்து நீ வாராவாரம் எடுத்துப்போகும் வட்டத்தாள் வெள்ளையாக வந்ததில் எனக்குப் பெருமை வேறு! ஒரு வருஷம் முழுக்க இதே கதை.

போன ஆடியில், வெண்மதியின் இழுப்பைப் பார்த்து டாக்டர் எங்களை ஊரை மாற்றிப் பார்க்கச் சொன்னார். வீட்டுக்காரருக்குப் பண்ருட்டி முந்திரிக் கம்பெனியில் வேலையும் தயார், மூட்டையும் கட்டியாயிற்று. அப்போதுதான் எங்கள் தெருவில் தூசி குறைவு என்று உன் கணக்கு வந்தது. "மிஷினே சொல்லிடுச்சி, எதுக்குப் பயந்துகினு ஓடணும்" என்று மூட்டையைப் பிரித்துவிட்டார்.

போன வாரம் மிஷினைக் கழற்ற உன் காலேஜ் ஆள் அய்யனார் வந்தான். நீ நார்வே போன பிறகும் துணியைக் கட்டித்தான் வைத்திருந்தேன். "இன்னாக்கா இது, தூசியப் புடிக்கத்தானே இந்த மிஷினே" என்றான். உன் கணக்கில் தூசி குறைந்தது என் துணியால்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உன் மேல் தப்பே இல்லை. அந்த எண்களை அடித்துவிடு. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கும் சொல்லிவிடு, அங்கேயும் பிள்ளைகள் இருக்கும். என் வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கீழ்வீட்டுக்குத் தாஜுன்னிசா என்று ஒரு பெண் குடி வந்திருக்கிறாள். ஆறு மாதக் கைக்குழந்தை, அதற்கும் நெஞ்சில் கர்கரென்று சத்தம். ஊர்க் காற்று எப்படி என்று நேற்று கேட்டாள். "மிஷின் வச்சே பாத்தாச்சும்மா, நல்ல காத்து" என்றார் இவர். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. என்ன ஜென்மமோ நான்.

நீ நன்றாயிரு. உனக்குப் பிறக்கும் பிள்ளைகள் நெஞ்சு நிறைய மூச்சு விடட்டும். படித்ததும் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லிவிடு தாயி. அவர் என்னை என்ன செய்தாலும் சரி, அந்தக் குழந்தையை அவர்கள் இங்கிருந்து கொண்டுபோகட்டும்.

உன் அக்கா,
தனம்