ஒரு வாய்க்கு ஒரு பானை

தூத்துக்குடி,
17 மே 1976

அன்பு மகள் கிரேசிக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், பம்பாயில் உன்னையும் அவர் அப்படியே காத்து நடத்தவேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். உன் கடிதம் வந்து இத்தனை நாளாகியும் பதில் போடவில்லையே, வீட்டில் என்ன பூகம்பமோ என்று நீ பயந்திருப்பாய். பூகம்பம் வந்தது உண்மைதான். அப்பா இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பு இல்லை, ரசத்தில் புளி இல்லை என்றே பேசிக்கொண்டிருந்தார், உன் பேரை மட்டும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள்தான் வாயைத் திறந்தார். படிக்க வைத்து நர்ஸ் ஆக்கினால் பனையேறி வீட்டில் போய் சம்பந்தம் பிடிக்கிறாளே, அதுவும் சாமி கும்பிடுகிற இந்து வீட்டில் என்றார். உங்கள் தாத்தா எந்த ஆபீசில் மேனேஜராக இருந்தார் என்று கேட்டேன். அவரும் பனையேறிதானே. உடனே பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு ஹில்டா உன்னைக் கேட்டாள், அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை, அவளிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் துறைமுகம் வரைக்கும் போய்விடும்.

எனக்கும் மனது கலங்கத்தான் செய்தது மகளே, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நீ எழுதியதில் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. உன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற அந்தப் பிள்ளை செந்தூர்பாண்டி, உன்னிடம் பேசிய முதல் நாளே தன் அம்மா குரும்பூருக்கு அங்கிட்டு ரோட்டுச் சந்தியில் பதநீர் விற்கிறாள் என்று சொன்னான் என்று எழுதியிருந்தாயே, அதுதான். அவளைப் போய்ப் பார்ப்போம் என்று நான்தான் ஆரம்பித்தேன். அப்பா முறைத்தார், அப்புறம் வருகிறேன் என்றார், ஆனால் யாரென்று சொல்லக் கூடாது, பதநீர் குடிக்க வந்த ஆள் மாதிரி போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும், பிடிக்கவில்லை என்றால் உனக்கு அவரே எழுதுவார் என்று கண்டிஷன் போட்டார். நீயோ அவள் பேரை எழுதவில்லை. சந்தியில் பதநீர் விற்கிறவள் என்றால் ஒருத்திதான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிளம்பினோம்.

இறங்கிப் பார்த்தால் புளியமரத்துக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு ஓலைக் கொட்டகை, அதற்குள் ஏழெட்டுப் பெண்கள் ஆளுக்கொரு பானையோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். சுத்துப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் அங்கேதான் கொண்டுவந்து விற்கிறார்களாம். லாரிக்காரர்கள், சைக்கிள்காரர்கள், திருச்செந்தூர் போகிறவர்கள் என்று ஒரே கூட்டம். எனக்குச் சம்பந்தியைப் பார்க்க வந்த ஞாபகமே போய்விட்டது, அவ்வளவு வாசனை. அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. எந்தப் பானையிலும் ஒரு வாய் சும்மா தருவார்கள், ருசி பார்த்துக்கொண்டே போகலாம், யாரும் கோபப்பட மாட்டார்கள். ஒன்று செம்மணல் தேரிக்காட்டுப் பனை, சும்மா தேன்தான். ஒன்றில் கலயத்தில் தடவுகிற சுண்ணாம்பு தூக்கலாக இருந்தது, நாக்கில் காரம். கடற்கரைப் பக்கத்துப் பதநீரில் லேசாக ஒரு உப்புக்கரிப்பு, அதுவும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பானை முன்னால் உட்கார்ந்து, பனையோலையில் மடித்த பட்டை நிறைய வாங்கிக் குடித்துவிட்டால் அன்றைக்கு அந்த ஆள் அந்தப் பானைக்காரிக்குத்தான். அடுத்தவள் ஊற்ற மாட்டாள். ஒரு சைக்கிள்காரர் மட்டும் இரண்டு பானையில் குடித்தார், ஏன் என்று கேட்டதற்கு, இரண்டாவது அவர் அக்காள் பானை, சொந்தக்காரருக்கு அந்தக் கணக்கு கிடையாது என்று சொன்னார்கள்.

அப்பா ஒவ்வொரு பானையாக ருசி பார்த்ததை நீ பார்த்திருக்க வேண்டும், பரீட்சைப் பேப்பர் திருத்துகிற முகம் அப்படியே. ருசியையா பார்த்தார், ஆளைப் பார்த்தார். வாசல் பக்கம் இருந்த செல்லத்தாய் என்கிற அம்மாள் வெள்ளைச் சேலை, மெதுவான பேச்சு, வாங்க உட்காருங்க என்று மரியாதையாகச் சொன்னாள். கடைசியில் ஒருத்தி இருந்தாள், அப்பப்பா, என்ன தொண்டை. ஓசியில் இரண்டாவது வாய் கேட்ட லாரிக்காரனை, ஏலே ஒனக்கு வாயா இல்ல வண்டி டாங்கியா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா அவள் பானைப் பக்கமே போகவில்லை, இவளைச் சம்பந்தியாக அடையப் போகிறவன் யாரோ பாவம் என்று என் காதில் சொன்னார். செல்லத்தாய்தான் அந்தப் பிள்ளையின் அம்மா என்று அவராகவே முடிவு கட்டிவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்து இரண்டு பட்டை குடித்தார், நானும் குடித்தேன். அப்புறம் மெல்ல, உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார். எல்லாம் பொம்பளப் பிள்ளையதான் அண்ணாச்சி, கெட்டிக்குடுத்தாச்சி என்றாள். பம்பாயில் மகன் இருப்பது யாருக்கு என்று அப்பா கேட்டதற்கு, அந்தா கத்துதாளே சீனித்தாய், அவளுக்குத்தான் என்று மோவாயால் கடைசிப் பானையைக் காட்டினாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை கிரேசி. அப்பாவின் முகத்தை என்ன சொல்ல.

வேறு வழியில்லாமல் எழுந்து போய் அவள் முன்னால் நின்றோம். ஒரு பட்டை ஊற்றுங்கள் என்றார் அப்பா. அவள் பானை வாயைத் துணியால் மூடிவிட்டாள். அங்கன வயிறு முட்டக் குடிச்சிட்டு இங்கன எதுக்கு வாரீய, ஒரு வாய்க்கு ஒரு பானைதான், சொந்தக்காரவியளுக்கு மட்டுந்தான் ரெண்டு, இன்னைக்கு ஒமக்கு ஊத்துனா நாளைக்கு செல்லத்தாயி எம் மொகத்துல முழிப்பாளா என்று ஒரு பிடி பிடித்தாள். நான் சொல்லியிருக்கலாம், வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அது அப்பா சொல்ல வேண்டிய வார்த்தை என்று பேசாமல் நின்றேன். அவர் வாட்சைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், தூத்துக்குடி பஸ் வேறு வந்து நின்றது. சரி, ஏறப் போகிறார், மகள் கல்யாணம் இதோடு போயிற்று என்று நினைத்தேன். பஸ் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இலக்கணத் தமிழ் பேசின மனுஷர், நாங்க யாவாரத்துக்கு வரலம்மா, ஒம்ம சொந்தக்காரங்கதான், எம் மவ கிரேசிக்கு ஒம்ம மவனக் கேட்டு வந்திருக்கோம் என்று சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அத்தனை கத்தின பெண் பானை வாயிலிருந்து துணியை எடுத்தாள். அப்புறம், இத வந்ததும் சொல்லுததுக்கு என்ன அண்ணாச்சி, வாயில என்ன கொழுக்கட்டையா என்று அப்பாவுக்கும் ஒரு ஏச்சு விழுந்தது. மாங்காய் நறுக்கிப் போட்டு ஊற்றினாள், அப்பா வேண்டாம் என்று சொல்லப் பயந்து குடித்தார், திரும்பி வரும்போது பஸ்ஸை வழியில் நிறுத்தச் சொல்லி இறங்க வேண்டியதாயிற்று, கண்டக்டர் திட்டினான். கல்யாணம் சர்ச்சிலா அவர்கள் முறைப்படியா என்பதை நாங்கள் பேசவில்லை. அதில் சண்டை வரும், அவளும் விடுகிற ஆள் இல்லை, அப்பாவும் இல்லை, போட்டு முடிக்கட்டும். உங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலும் சம்மதம் என்பதில் மாற்றம் இல்லை.

நாங்கள் கிளம்பும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தனியாகக் கூட்டிப்போனாள். சத்தமே இல்லாமல், மதினி, எம் பிள்ள ரெண்டு வருசமா ஊருக்கு வரல, நான் இந்தச் சந்தியில இருந்து விக்கேன்னு அங்கன வெளிய சொல்லுதானா, இல்ல மறச்சிட்டானா என்று கேட்டாள். கிரேசியிடம் முதல் நாளே அதைத்தான் சொன்னானாம் என்றேன். சேலை முந்தியை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், நானும் சேர்ந்து அழுதேன், லாரிக்காரர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்ததும் தலைக்குக் குளிக்காதே, ஜெபம் பண்ணாமல் படுக்காதே. கர்த்தர் உங்கள் இருவரையும் சேர்த்து ஆசீர்வதிப்பாராக. லீவு கிடைத்ததும் இரண்டு பேரும் வாருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே மகளே, ரயில் இறங்கினதும் நேரே இங்கே வராதே. உன்னைப் பார்க்க எனக்கு உயிர் போகிறது, ஆனாலும் அந்தப் பிள்ளையை முதலில் அவன் அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போ, கொட்டகையில் எல்லாரும் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போ. நாங்கள் சாயங்காலம் வரைக்கும் காத்திருப்போம்.

ஆசி முத்தங்களுடன்,
உன் அம்மா
தேவகனி ஜேசுபாதம்