என்னிடம் பேசாத தமிழ்

சூரனைப் பிளந்த பின், சினம் தணிவதற்கென்று ஒரு குன்றைத் தனியே வைத்துக்கொண்ட முருகா, முதலில் உன்னை வணங்குகிறேன். போர் முடித்து வரும் மனிதர்க்கு அப்படி ஒரு குன்றை நீ வைக்கவில்லையே என்ற குறையோடுதான் வணங்குகிறேன். இம்மடலில் சுடுசொல் மிகுந்தால் பொறுத்தருள்.

இனி, என் கணவராகிய உங்களுக்கு எழுதுகிறேன். அண்ணி முறை வைத்து நாம் பௌதி என்றழைக்கும் மாடிவீட்டு வங்காளப் பெண், இன்று காலை கடுகெண்ணெய் காய்ச்சினாள். அந்த நெடி சன்னல் வழியே பூசையறைக்குள் நுழைந்து, நான் ஓதிக்கொண்டிருந்த பதிகத்தின் நடுவே உங்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. முழங்காலுக்குக் கடுகெண்ணெய் தேய்த்தபடி சுவரையே பார்த்து அமர்ந்திருக்கும் உங்களை. நீங்கள் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வந்தவரை வரவேற்க எனக்கு மனமில்லை. பதிகத்தை முதலடியிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

பழம்பாடல்களில் போருக்குத்தான் எத்தனை துறைகள்! நிரை கவர்ந்தால் ஒரு பூ, மதில் வளைத்தால் ஒரு பூ, வென்றால் ஒரு பூ. புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் தீண்டாதபடி, வேப்பிலை செருகி, வெண்கடுகு புகைத்துக் காக்கும் மனைவிக்கும் அங்கே இடமுண்டு. இலங்கைப் போர்முனையிலிருந்து தொண்ணூறாம் ஆண்டில் நீங்கள் திரும்பியபோது நானும் அப்படிக் காக்க ஆயத்தமாகவே இருந்தேன். உங்கள் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. எங்கே புகை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. புண் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். சொல்லவில்லை.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, ஹவுராவில் ஒரு கிடங்குக்குக் காவல் பொறுப்பேற்றீர்கள். காளிகாட் சந்தில் இரண்டறை வீடு. மகளுக்கு அப்போது நான்கு வயது. வந்த நாள்முதல் உங்கள் வாயிலிருந்து ஒரு தமிழ்ச்சொல் வரவில்லை. என்னிடம் இந்தி, அக்கம்பக்கத்தில் வங்காளம், மகளிடம் இரண்டும் கலந்த ஏதோ ஒன்று.

"என்னங்க, வீட்டுக்குள்ள எதுக்கு இந்தி? திருநெல்வேலிக்காரரு பேசுத பேச்சா இது?"

"ஆதத் ஹோ கயீ," என்றீர்கள். பழகிவிட்டதாம். இருபது ஆண்டுப் பட்டாளத்தில் பழகாதது, இரண்டே ஆண்டுத் தீவு வாசத்தில் பழகிவிட்டதா?

"தாதா தோ பூரோ பாங்காலி!" என்று பௌதி மாடிப்படியில் நின்று மெச்சுவாள். அண்ணன் முழு வங்காளியாகிவிட்டார் என்று அவளுக்குப் பெருமை. மகளோ ஒருநாள், "மா, பாபா தமிழ் ஜானே நா?" என்று கேட்டாள். அப்பாவுக்குத் தமிழ் தெரியாதா என்று. "தெரியும். நமக்குத் தரத்தான் மனசில்ல," என்றேன். நீங்கள் பக்கத்து அறையில்தான் இருந்தீர்கள். உங்கள் காதில் விழ வேண்டும் என்றே உரக்கச் சொன்னேன்.

பிறகு அந்தப் பொங்கல் விழா. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் கூடிய பந்தலில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஏற்பாடு என்னுடையது. மேடையேற்றினால் நா தானே திரும்பும் என்று எண்ணினேன். வென்று வந்த வீரரை வாழ்த்தி வெண்பா ஒன்று இயற்றி, நானே இசையோடு பாடவும் செய்தேன். நீங்கள் ஒலிபெருக்கியின் முன் நின்றீர்கள். "நமஸ்கார்" என்றீர்கள். இறங்கிவிட்டீர்கள்.

"என்ன சுபேதார், தமிழைக் கப்பல்லயே மறந்து வச்சிட்டு வந்துட்டீரோ?" என்றார் முன்வரிசையில் இருந்த மளிகைக்கடை அண்ணாச்சி. பந்தலே சிரித்தது.

திரும்பும் வழியில், டிராமில், நான் உங்களிடம் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "தமிழச்சியைக் கட்டுனது அவமானமா இருந்தா சொல்லிருங்க. நானும் வாயைத் தச்சுக்கிடுதேன்." நீங்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தீர்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்படியே பதின்மூன்று ஆண்டுகள் போயின. ஒரு மார்கழிப் பகலில், ஊரிலிருந்து வந்த உறவினரை ஹவுராவில் ரயிலேற்றிவிட்டுப் படகுத்துறைக்கு நடந்தோம். காசி யாத்திரைக் கூட்டத்திலிருந்து பிரிந்துவிட்ட மூதாட்டி ஒருத்தி, என் நெற்றி நீற்றைக் கண்டு தமிழர் என்று தெரிந்துகொண்டு ஓடிவந்தாள். கேட்டதோ உங்களை.

"ஐயா, எங்க ஆளுக அக்கரைக்குப் போயிட்டாக. காளி கோயிலுக்குப் படகு இந்தப் பக்கந்தானே? நான் இப்படியே போகலாமா?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், "போகாதீங்கம்மா!" என்றீர்கள். தமிழில். "நில்லுங்க. நான் முன்னால போறேன். நான் கால் வச்ச இடத்துலயே கால் வச்சு வாங்க."

"இதென்னய்யா கூத்து! சிமிண்டுத் தரையில முள்ளா கிடக்கு?" என்று சிரித்தாள் அவள். ஆனாலும் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நீங்கள் சொன்னபடியே நடந்தாள். நான் அவளுக்கும் பின்னால் நடந்தேன். எனக்கு இடம் அங்கேதான் இருந்தது.

படகில் அவளருகே அமர்ந்து சொன்னீர்கள். சாலைக் காவலில் நின்றபோது, அவள் வயதில் ஒருத்தி பனங்கிழங்குக் கூடையோடு வந்து, இந்த வழியே போகலாமா என்று கேட்டாளாம். காவலில் நின்றவர்களில் தமிழறிந்தவர் நீங்கள் ஒருவரே. "தாராளமாப் போங்கம்மா, ஒண்ணுமில்ல" என்றீர்களாம். பத்தடி நடந்திருப்பாள். யாரோ மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்தது வெடித்தது.

"இந்தியில சொல்லியிருந்தா பயந்து நின்னிருப்பாங்கம்மா. நான் தமிழ்ல சொன்னேன். அதான் நம்பிப் போனாங்க."

"புதைச்சவன் நிம்மதியாத் தூங்குதான், உனக்கு உறுத்துதாக்கும்," என்று அவள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழுதிரு ராசா." அழுதீர்கள். படகு அக்கரை சேர்ந்தது. தன் கூட்டத்தைக் கண்டதும் அவள் இறங்கிப் போய்விட்டாள். அவள் பெயர்கூட நமக்குத் தெரியாது.

"எனக்கு ஏன் சொல்லல?" என்று கேட்டேன். இந்தியில் விடை சொன்னீர்கள்: அவள் இறங்கிப் போய்விடுவாள், நீ நாள்தோறும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாய். பிறகு "சலோ" என்று முன்னால் நடந்தீர்கள். அதற்குப் பின் மூன்று ஆண்டுகள் உயிரோடிருந்தீர்கள். என்னிடம் இந்திதான்.

அந்தக் காரணத்தை அன்றும் நான் ஏற்கவில்லை; இன்றும் ஏற்கவில்லை. பனங்கிழங்குக் கூடைக்காரிக்காக அழ எனக்கும் கண்கள் இருந்தன. பேயை விரட்ட எனக்குப் புகை போடத் தெரியும். பேய் எதுவென்று மட்டும் மறைத்துவிட்டீர்கள். உங்களைப் பந்தலில் நிறுத்தி வெற்றிப்பாட்டுப் பாடிய பேதைமை என்னுடையது. அதில் உங்களுக்குப் பங்கு தரமாட்டேன். ஆனால், என்னை அறியாதவளாகவே வைத்திருந்து என் வாயால் உங்களைச் சுட வைத்தீர்களே, அது உங்களுடையது. ஆண்டுதோறும் உங்களுக்குரிய திதியைக் குறைவறச் செய்விக்கிறேன். அதை மன்னிப்பு என்று கொள்ள வேண்டாம்.

உங்கள் மகள் இப்போது அலுவலகம் போகிறாள். காலையில் வாசலில் நின்று, "அம்மா, போயிட்டு வரேன்" என்று தன் அரைகுறைத் தமிழில் சொல்கிறாள். "போயிட்டு வா" என்று விடை கொடுப்பதுதான் நம் வழக்கம். என்னால் முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் படியிறங்குகிறேன். "மா, ஆமி பாச்சா நா," நான் குழந்தையில்லை என்று தெருவெல்லாம் கேட்கச் சலித்துக்கொள்கிறாள். மெட்ரோ நிலையத்து வாயில்வரை நான் முன்னே, அவள் பின்னே. அவள் உள்ளே போன பிறகும் சற்றுநேரம் அங்கேயே நிற்கிறேன். நீங்கள் எனக்கென்று தந்தது இது ஒன்றுதான். கேட்டு வாங்கியதில்லை.

இம்மடலைப் படிக்கும் அன்பர்களே, உங்கள் இல்லத்தில், வாசல் தாண்டிப் போகிறவரை "போயிட்டு வா" என்று அச்சமின்றி அனுப்பும் நா என்றும் நிலைக்கட்டும். போனவர் பொழுதோடு வந்து சேரட்டும். வந்தவர் தம் வாயால் எல்லாவற்றையும் சொல்லட்டும். குன்றமர்ந்தோன் உங்கள் குடியைக் காப்பானாக.