கம்ப்யூட்டர் விழுங்கும் ஸ்வரங்கள்

பிரெய்னர்டு, மினசோட்டா
ஞாயிறு

அன்புள்ள வெண்டலுக்கு,

நலம்தானே? அரிசோனா வெயில் உங்கள் முழங்காலுக்கு ஒத்துக்கொண்டதா? இங்கே ஏரி உறைந்து அதன் மேல் லாரியே ஓட்டுகிறார்கள். போனிலேயே பேசியிருக்கலாம். பக்கத்து அறையில் நான் பேசுவது ஆர்லனுக்குக் கேட்காது என்று தெரிந்த பிறகு, அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் இருவரும் சேர்ந்து நிலவறையில் அமைத்த இசைக் கம்ப்யூட்டர்தான் இப்போது வீட்டில் தகராறு. 'மேல் ஸ்வரத்தையெல்லாம் முழுங்குது மார்லிஸ், ஜால்ரா தட்டுனா அட்டையைத் தட்டுன மாதிரி இருக்கு' என்கிறார் என் கணவர், உங்கள் அருமை நண்பர். ஒயரை மாற்றினார். மென்பொருளை மாற்றினார். எண்களை ஒலியாக்கும் அந்தச் சின்னப் பெட்டியையும் மாற்றினார். விசிறி இரைகிறது என்று விசிறியே இல்லாத கம்ப்யூட்டரைத் தேடி அலைந்த மனிதர், போன மாதம் கடகடவென்று ஓடும் பழைய ஒன்றைக் கொண்டுவந்து, 'இதுதான் சத்தமே இல்லாம ஓடுது' என்றார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

இசை போனால் போகட்டும். என் பயமெல்லாம் அவர் ஓட்டும் பள்ளிப் பேருந்தைப் பற்றித்தான். தண்டவாளத்துக்கு முன் நிறுத்தி, கதவைத் திறந்து, ரயில் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தானே போக வேண்டும். செவ்வாயன்று உதவியாளர் வராததால் நான் கூட ஏறினேன். மர ஆலைக்குப் பக்கத்து வளைவில் பனி கொட்டியதில் எதுவும் தெரியவில்லை. கதவைத் திறந்தார், தலையைச் சாய்த்துக் கேட்டார், மூடினார். ரயில் ஊதியது எனக்குக் கேட்டது. பின்னால் இருந்த பிள்ளைகளுக்கும் கேட்டது. வண்டி நகர்ந்தது. நான் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். 'தெரியும், பாத்துட்டேன்' என்றார். பார்க்கவில்லை. நான் இழுத்த பிறகுதான் பிரேக்கை மிதித்தார்.

நேற்று கம்ப்யூட்டரைச் சோதிக்க, ஒரே ஒலியின் ஸ்ருதி மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போகும் பதிவு ஒன்றைப் போட்டார். பாதியிலேயே எங்கள் நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு மாடிக்கு ஓடியது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, 'பாத்தியா, சத்தம் நின்னே போச்சு' என்றார். திரும்பியவர் என் கைகள் காதில் இருந்ததைப் பார்த்தார், வெண்டல். பார்த்துவிட்டு ஒயரைக் கழற்றப் போய்விட்டார்.

காது மருத்துவரிடம் போகலாம் என்றால், 'காதுக்கென்ன கேடு, வெண்டல் வந்து கம்ப்யூட்டரைப் பாக்கணும்' என்கிறார். அதனால் நீங்கள் வர வேண்டும். பெட்டிகளைத் துணியால் மூடி, ஒருவர் ஒயரை மாற்றி மாற்றிச் சொருக, மற்றவர் காதால் கேட்டே எது எந்தப் பெட்டி என்று சொல்லும் உங்கள் பழைய பந்தயத்தை வையுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டார். உங்களிடம் தோற்றால் நம்புவார். வெள்ளிக்குள் நீங்கள் வராவிட்டால் பள்ளியில் நானே சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு அவர் என் முகத்தில் விழிக்க மாட்டார். அதுவும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

அதுவரைக்கும் உதவியாளர் வேலையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். கதவு திறக்கும்போதெல்லாம் படியருகே நின்று அவருக்காக நான் கேட்கிறேன். 'இந்த வயசுல என்னைய ஒரு நிமிஷம் விட்டுப் பிரிய மாட்டேங்குறா' என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும்.

சீக்கிரம் வாருங்கள். உங்கள் காதுகளைக் கர்த்தர் காக்கட்டும்.

இப்படிக்கு,
மார்லிஸ்