எந்தப் பர்சோ?

ஜூலை 14, செவ்வாய்

நாங்கள் பழுதுபார்த்த கவச வண்டி இன்று செகந்திராபாத் யார்டில் ரயிலேறிவிட்டது. டாங்க் மாதிரி சங்கிலியில் ஓடும் சின்ன வண்டி. எட்டு ஜவான்களோடு எல்லையில் ஓட வேண்டியது. அடிபட்டால் அவர்கள் இறங்கி ஓடப் பின்கதவுதான் வழி.

காலையில் வெல்டர் கரீம் பாயிடம், கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தாயிற்றா என்று கேட்டேன்.

"ஹவ் சாப், பர்சோ தேக்கா."

மதுரை டியூஷனில் நான் படித்த ஹிந்தியில் தேக்கா என்றால் பார்த்தேன், பர்சோ என்றால் முந்தாநாள். நான் போய்ப் பார்க்கவில்லை. சோதனைப் படிவத்தில் தாழ்ப்பாளைப் பார்த்த நாள் பன்னிரண்டாம் தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது இதைச் சொன்னதும் லலிதா சிரித்தாள். என் மனைவி இந்த ஊரிலேயே பிறந்தவள்.

"இங்க போன மாசமும் பர்சோதாங்க. நம்ம கல்யாணங்கூடப் பர்சோதான்."

கரீம் பாயைப் போனில் கூப்பிட்டேன். வண்டி பழுதுக்கு வந்த அன்று பார்த்தாராம். அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாளையே கழற்றி மாட்டினோம்.

உடனே மேனேஜருக்கும் போன் போட்டு வண்டியை இறக்கச் சொன்னேன். ரயில் நாளைக் காலையில்தான் கிளம்பும், நிறுத்திவிடலாம் என்றார். படிவத்தின் படம் அவர் போனில் இருந்தது. அதைத் திறந்து தேதியைச் சத்தமாகப் படித்தார்.

"பன்னண்டாம் தேதி ஞாயித்துக்கிழமையாச்சே. பட்டறையை யாரு தொறந்தா?"