வண்டி ஒத்துக்கொள்ளாதவள்

அன்புள்ள கணவருக்கு,

இங்கே நானும் அத்தையும் நல்ல சுகம். நீங்களும் சுகம் என்று உங்கள் கடிதம் சொல்கிறது. அதை நான் நம்பினேனா இல்லையா என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கடிதத்தை அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பயணம் மனதை விரிக்கிறது, கற்பனை ஊற்றெடுக்கிறது, நாலு சுவருக்குள் உட்கார்ந்து பொம்மைக்குச் சட்டை மாட்டுகிறவர்களுக்கு இது புரியாது என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். “யாருடி அந்த நாலு சுவத்துக்காரி?” என்று கேட்டார். நான்தான் அத்தை என்றேன். உங்களைப் பெற்றவர்தானே, எழுந்து போய் அடுப்பைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். அவர் கோபத்தில் எதையாவது தேய்ப்பார் என்பது உங்களுக்கும் தெரியும்.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. குளியலறைக் குழாய் இப்போது ஒழுகுவதில்லை, நானே வாஷர் மாற்றிவிட்டேன். கடையில் புதுத் துணி இறங்கியிருக்கிறது. பில் போடும் அக்காவுக்குப் பல் வலி. அந்தப் பல் வலியில்தான் உங்கள் குட்டு வெளிப்பட்டது. மதியம் சாப்பிட முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். “எனக்காவது பல்லுதான். உனக்குப் பாவம், வண்டியே ஒத்துக்காதாமே. ஊர் ஊராப் போய் கடை ஷோகேஸெல்லாம் பாத்து வரைஞ்சு அனுப்ப மொதலாளி மொதல்ல உன் பேரத்தான் சொன்னாரு. உங்க வீட்டுக்காரருதான் வந்து, ரெண்டு ஸ்டாப் போனாலே அவளுக்குத் தலை சுத்தும், வாந்தி எடுப்பா, அனுப்பாதீங்கன்னு சொன்னாராம்” என்றார்.

தட்டை மூடி வைத்துவிட்டு, நாம் இருவரும் பொம்மை அலங்கரிக்கும் ஷோகேஸுக்குள் போய் உட்கார்ந்தேன். வெளியே நடந்து போகிறவர்கள் என்னையும் பொம்மை என்று நினைத்திருப்பார்கள்.

வாந்தி எடுப்பது யார்? கல்யாணமான புதிதில் நாம் போன பேருந்தில் என் மடியில் பையை விரித்து உங்கள் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தது யார்? இறங்கியதும், வெளியே சொல்லாதே, ஆம்பளைக்கு அசிங்கம் என்று கெஞ்சினீர்கள். எனக்கு அன்று உங்கள்மேல் கொள்ளைப் பிரியம். அதனால் உங்கள் வியாதியை என் பெயரில் வாங்கிக்கொண்டேன். உங்கள் மாமா வீட்டு விசேஷமா, நண்பர்கள் கூப்பிட்ட மலைப் பயணமா, “இவளுக்கு ஒத்துக்காது, அதான் வரல” என்று நீங்கள் சொல்வீர்கள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். பிரியத்தில் கொடுத்த பொய்யை எடுத்து என் கழுத்துக்கே கத்தியாக வைத்துவிட்டீர்கள். ஊர் ஊராகக் கடைக் கண்ணாடிகளைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை வருடமாக உங்களிடமே புலம்பியிருக்கிறேன்!

இதை அத்தையிடம் சொன்னேன். “சின்ன வயசுல ஊஞ்சல்ல உக்காந்தாலே வாந்தி எடுப்பான் அவன்” என்றார். பிறகு செருப்பைத் தேடினார். கிளம்பு, நாம போய்ட்டு வருவோம் என்றார். எங்கே என்று கேட்டதற்கு, வண்டி எங்க நிக்குதோ அங்க என்றார்.

அன்றிலிருந்து விடுமுறை நாளெல்லாம் நானும் அத்தையும் ஏதாவது ஒரு பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய்வருகிறோம். அத்தைக்கு ஜன்னல் ஓரம்தான் வேண்டும், சண்டை போட்டு வாங்கிவிடுவார். சிமெண்ட் மூட்டை இறக்கும் இடம், ரயில் பெட்டி கழுவும் இடம், வேலை முடிந்து தலையில் மாவோடு வெளியே வரும் பேக்கரி ஆட்கள் என்று இந்த ஊரில் இத்தனை வருடம் நான் பார்க்காததை எல்லாம் பார்த்தேன். நீங்கள் எழுதியது சரிதான். மனம் விரிகிறது. ஒருநாள் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் என் முகமும் தெரிந்தது, முகத்துக்குள்ளேயே தெருவும் ஓடியது. அந்த நொடியில் அடுத்த ஷோகேஸ் முழுதாக என் தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

நடுவில் முதலாளி மலைமேல் இருக்கும் நெசவு ஆலைக்குத் துணி பார்க்கக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்று பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். வளைவுக்கு வளைவு டிரைவர் வண்டியைத் திருப்ப, நான் குனிந்து துணி மாதிரிகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். மேலே போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன். திரும்பி வரும்போது முதலாளி, உங்களுக்கு வண்டி ஒத்துக்காதுன்னாரே என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு இல்ல சார், அவருக்கு என்றேன்.

நீங்கள் வரைந்து அனுப்பிய ஷோகேஸ் படங்களை முதலாளி மறுநாளே என் மேஜையில் வைத்துக் கருத்துக் கேட்டார். அழகாகத்தான் வரைந்திருந்தீர்கள். ஆனால் ஒரு படத்திலும் எதிர்க்கடை இல்லை. நாம் இருவரும் எந்தக் கடை முன்னால் போய் நின்றாலும் முதலில் எதைத் திட்டுவோம்? கண்ணாடியில் விழும் எதிர்ப்பக்கத்து விளக்கையும் போர்டையும் நம் மூஞ்சியையும்தானே? அத்தனை கண்ணாடி பார்த்தவர் மூன்று பக்கக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை முனகவில்லை. அப்படியென்றால் நீங்கள் தெருவில் நிற்கவே இல்லை. தலை சுற்றி, ஹோட்டல் அறையில் படுத்துக்கொண்டு, விளம்பரப் புத்தகம் பார்த்து வரைந்திருக்கிறீர்கள். முதலாளியிடம் இதை அப்படியே சொன்னேன். பூசி மெழுகவில்லை. சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

இப்போது முகப்பு ஷோகேஸில் ஒரு பேருந்து நிற்கிறது. அதன் பக்கவாட்டு மட்டும், வரிசையாக ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் புதுத் துணி உடுத்திய பொம்மை. ஒரே ஒரு இருக்கை காலி. அதற்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டி, அங்கே மட்டும் விளக்கு போடாமல், வெளியே நடைபாதைக்கு மேலே ஒரு விளக்கு மாட்டியிருக்கிறேன். அந்த விளக்கின் கீழ் வந்து நிற்கிறவர் தன் முகத்தைப் பேருந்துக்குள், அந்தக் காலி இருக்கையில் பார்க்கிறார். எத்தனை நாள் நம்மைப் படுத்திய பிரதிபலிப்பு! கூட்டம் முண்டியடிக்கிறது. போலீஸ்காரர் வந்து வரிசையில் நிற்க வைத்தார், பிறகு அவரும் ஒருமுறை நின்று மீசையைச் சரி செய்துகொண்டு போனார்.

காலி இருக்கைக்கு அடுத்த ஜன்னலில் ஒரு ஆண் பொம்மை. கல்யாணத்துக்குத் தைத்த உங்கள் சாம்பல் நிறக் கோட்டு அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. கண்ணை மூடித் தலையைச் சாய்த்திருக்கிறது, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பையை வைத்தது அத்தை. கடையில் எல்லோரும் அதைப் ‘பயணக் கலைஞர்’ என்று கூப்பிடுகிறார்கள். உங்கள் நண்பர்கள் குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இதற்கு மேல் செய்தி இதுதான். அடுத்த பயணத்துக்கு முதலாளி என்னை அனுப்புகிறார். நீங்கள் வந்து இறங்குவதற்கு முந்தின நாள் நான் கிளம்புகிறேன். நீங்கள் இனி எந்த ஊருக்கும் போய்க் கஷ்டப்பட வேண்டாம், என் ஷோகேஸ் கண்ணாடியைத் தினமும் துடைக்க ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டு வைத்திருக்கிறேன், முதலாளியும் சம்மதித்துவிட்டார். வீட்டுச் சாவி அத்தையிடம் இருக்கிறது. அவன் வரட்டும், நான் பேசிக்கிறேன் என்று அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

எப்போது திரும்புவேன் என்று கேட்காதீர்கள். நீங்கள் பெட்டியைத் தூக்கும்போது நானும் கேட்டேன். மனசு விரிஞ்சதும் வருவேன் என்றீர்கள். அதே பதில்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள். வந்ததும் நேராக வீட்டுக்குப் போகாதீர்கள். விளக்கு போட்ட பிறகு நம் கடை முன்னால் போய் வரிசையில் நில்லுங்கள். உங்கள் முறை வந்ததும் நிமிர்ந்து பாருங்கள். அந்தக் காலி இருக்கை இத்தனை வருடம் நான் உட்கார்ந்திருந்த இடம். பக்கத்தில் தூங்குகிறவரின் நெற்றியைப் பிடித்துக்கொள்ள இனி அங்கே நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

பத்திரமாக வந்து சேருங்கள். பை எடுத்து வைத்துக்கொள்ள மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஊரறிய வண்டி ஒத்துக்கொள்ளாத
உங்கள் மனைவி